போவதற்கு மட்டும்

பொள்ளாச்சியா நீங்கள்? அப்படியானால் பக்கம்தான். நான் கோயம்புத்தூர், பீளமேடு. சென்னியப்பன் என்று பெயர். பலகையைப் பாருங்கள் சார், விமானம் இறங்கிவிட்டது என்று போட்டுவிட்டான். உங்கள் மகள் இதில்தானே வருகிறாள், துபாயிலிருந்து? என் மனைவியும் இதில்தான் வரவேண்டும். வரவேண்டும் என்றுதான் சொல்கிறேன், வருகிறாள் என்று சொல்லவில்லை. வியன்னாவில் ஏறி, துபாயில் மாறி, இதில் வரவேண்டும். டிக்கெட் இருக்கிறது. நான் எடுத்த டிக்கெட்.

இல்லை, சண்டை ஒன்றும் இல்லை. எங்களுக்குள் சண்டையே கிடையாது, எங்கள் வீதியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். எல்லாம் டிக்கெட்டால் வந்தது. ஐரோப்பாவுக்குப் போவதற்கு மட்டும் என்று ஒரு டிக்கெட்டை நியாயமான விலைக்கு விற்றிருந்தான் என்றால், நான் இன்றைக்கு கொச்சி நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். உங்கள் மகள் பெட்டியை எடுத்துக்கொண்டு வர நேரம் பிடிக்கும்.

நான் ஒரு பம்பு கம்பெனியில் பர்ச்சேஸில் இருந்தேன். ரிட்டயர் ஆகும்வரை அதே நாற்காலி. செம்புக் கம்பியோ, பேரிங்கோ, எது வாங்கினாலும் என் வழி ஒன்றுதான். முதல் விலைக்கு வாங்கக்கூடாது. கொட்டேஷனை மேஜையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பேன். சப்ளையர் வருவான், டீ குடிப்பான், "என்னுங்க சார், பாத்தீங்களா" என்பான். "பாக்கலாம்" என்பேன். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அவனே குறைத்துக்கொண்டு வருவான். முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான். இது எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

வீட்டில் நானும் நாகமணியும்தான். நாகமணி என் மனைவி. ஒரு மகள் இருக்கிறாள், சிந்துஜா. நாங்கள் பார்த்த இடம் வேண்டாமென்று தானே ஒருத்தனைப் பார்த்துக் கட்டிக்கொண்டு ஜெர்மனிக்கோ எங்கேயோ போய்விட்டாள். நாலு வருஷமாகப் பேச்சில்லை. அவள்தான் இறங்கி வரவேண்டும் என்று இருந்தேன். நாம் முதலில் பேசினால் அவள் செய்தது சரி என்று ஆகிவிடும் இல்லையா? அந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது என்று நாகமணியிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அவள் எடுக்கவில்லை. அந்தப் பேச்சு என்ன, அதற்கப்புறம் எந்தப் பேச்சையுமே அவள் அதிகம் எடுப்பதில்லை. "சாப்படறீங்களா." "மோட்டார் போடட்டுங்களா." பிறகு டிவி சத்தம்தான்.

என்னோடு வேலை பார்த்த அர்த்தநாரி கப்பலில் சுற்றுலா போய்விட்டு வந்தான். வந்தவன் சும்மா இருப்பானா? "சென்னியப்பா, நீயும் ஒரு தடவை போ. சுத்திலும் தண்ணி. பொண்டாட்டி ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. பேசித்தான் ஆகோணும்" என்றான். விளையாட்டுக்குச் சொன்னான். எனக்கு மனதில் தங்கிவிட்டது.

விசாரித்தேன். ஐரோப்பாவில் குளிர் தொடங்கும் முன் சில கப்பல்களை நம் பக்கம் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்களாம். அப்படி வரும் கப்பலில் இடம் சல்லிசு. ஏதென்ஸ் பக்கத்துத் துறைமுகத்தில் ஏறினால் கொச்சியில் இறங்கலாம். கொச்சியிலிருந்து ரயிலேறினால் வீடு. இதைவிட என்ன வேண்டும்? முழுப் பணத்தையும் முதலிலேயே கட்டினால் இன்னும் குறைவு, ஆனால் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரமாட்டோம் என்றார்கள். கட்டிவிட்டேன். ஏதென்ஸ் வரைக்கும் போய்ச் சேர ஒரு டிக்கெட், அது எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்தேன். திரும்பி வருவதற்குத்தான் கப்பல் இருக்கிறதே. போவதற்கு மட்டும் போதும்.

அங்கேதான் சார் பிடித்தது சனி.

காந்திபுரத்தில் ஒரு டிராவல்ஸ். பிளெஸ்ஸி என்று ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். விலையைச் சொன்னாள். என் வழக்கப்படி "பாக்கலாம்" என்று எழுந்து வந்துவிட்டேன். அடுத்த வாரம் போனேன், ஏறியிருந்தது. "ஏறினது இறங்கும்மா" என்றேன். "இறங்குமுங்க சார், நீங்க ஏதென்ஸ்ல இறங்கற தேதி போனதுக்கப்பறம்" என்றாள். வாய் அவளுக்கு.

நான் பொறுத்தேன். அது ஏறியது. செம்பு விற்கிறவனுக்கு வீடு வாசல் இருக்கும், ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதனால் அவன் இறங்கி வருவான். இந்தக் கம்ப்யூட்டர் டீ குடிக்க வராது சார். நான் பேசாமல் இருந்தால் அதுவும் பேசாமல் ஏற்றிக்கொண்டே போகும்.

பிறகு எனக்குக் கிறுக்குப் பிடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். போனில் நாலைந்து ஆப் போட்டுக்கொண்டேன். காலையில் பல் விளக்குவதற்கு முன் விலை. சோற்றில் கை வைக்கும்போது விலை. எங்கள் சித்தப்பா காரியத்துக்குப் போன இடத்தில், பந்தியில் உட்கார்ந்து இலைக்குக் கீழே போனை வைத்துப் பார்த்தேன். மருதமலையில் வரிசையில் நிற்கும்போது, முருகா, பெரிதாக ஒன்றும் வேண்டாம், ஒரு ஐந்தாயிரம் இறக்கு என்று வேண்டிக்கொண்டேன். அன்றைக்குச் சாயங்காலம் எட்டாயிரம் ஏறியது.

கொழும்பு போய் அங்கிருந்து போகலாமா என்று பார்த்தேன். மும்பைவரை ரயிலில் போய்ப் பார்க்கலாமா என்று பார்த்தேன். ஏதென்ஸ் வேண்டாம், சோஃபியாவில் இறங்கி பஸ்ஸில் போகலாமா என்று பார்த்தேன். ஐரோப்பாவில் எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்ன விலை என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள், சொல்வேன். ரோம், மிலான், மாட்ரிட், லிஸ்பன், வார்சா. ஒவ்வொரு ஊருக்கும் டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறி உண்டு, அதையும் சொல்வேன்.

நாகமணி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். ஊர்ப் பெயர்களை நான் வாய்விட்டுப் படிப்பதுண்டு. ஒரு நாள் கேட்டாள்.

"ஏனுங்க, வியன்னா வழியா ஒண்ணும் இல்லீங்களா?"

"வியன்னா எங்கிருக்குதுன்னு உனக்குத் தெரியுமா புள்ள?"

"பேரு நல்லாருக்குதுங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். பாவம், பொம்பளை, பெயரைப் பார்த்து டிக்கெட் எடுக்கச் சொல்கிறாள் என்று.

கப்பல் கிளம்பும் நாள் நெருங்கிவிட்டது. கப்பலுக்குக் கட்டின பணம் போனால் போனதுதான். ஆனால் பணம்கூட இல்லை சார். எப்படியாவது அவளை அந்தக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும். ஏற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு எண்ணம். மேல்தளத்தில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். எதைப் பற்றி என்று கேட்காதீர்கள். எதைப் பற்றியாவது.

கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு காந்திபுரம் போனேன். பிளெஸ்ஸி என்னைப் பார்த்ததுமே, "வாங்க சார், இன்னிக்கும் பாக்கலாமுங்களா, இல்லை வாங்கலாமுங்களா" என்றாள். வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். "எப்படியாச்சும் போய்ச் சேரோணும்மா. வழி சொல்லு."

அப்போதுதான் அவள் சொன்னாள். "சார், போறதுக்கு மட்டும்னு கேட்டா விலை ஜாஸ்தி. போயிட்டு வர்றதுக்கும் சேத்துக் கேட்டா கம்மி."

"அதெப்படிம்மா? உக்கடத்துல இருந்து பழனிக்குப் போற பஸ்ஸுல அப்படியா வாங்கறான்?"

"பஸ்ஸு வேற, இது வேறங்க சார். ரெண்டு வழியும் வாங்கிக்குங்க. போங்க. வர்றதத் தூக்கி வீசிருங்க. நெறையப் பேரு அப்படித்தான் பண்றாங்க."

நாகமணி அதுவரை வாயே திறக்கவில்லை. அப்போது சொன்னாள். "வீட்ட விட்டுக் கெளம்பறப்போ போறேன்னு சொல்லக்கூடாது, போயிட்டு வாரேன்னுதான சொல்லோணும். அப்படிச் சொல்றவங்களுக்குக் கம்மியாக் குடுக்கறான். நல்லவன்தானுங்க."

பிளெஸ்ஸி சிரித்தாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. விசாவுக்கும் திரும்பும் டிக்கெட் காட்டினால் கேள்வி குறைவு என்றாள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அப்புறம் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். கொச்சியிலிருந்து ஏதென்ஸ் போய் ஏதென்ஸிலிருந்தே கொச்சிக்குத் திரும்பினால் ஒரு விலை, ரோமிலிருந்து திரும்பினால் ஒரு விலை, வியன்னாவிலிருந்து திரும்பினால் எல்லாவற்றிலும் குறைவு. நாகமணி அந்த வரியில் விரலை வைத்தாள். "இது."

"எந்தத் தேதி மேடம்?" என்றாள் பிளெஸ்ஸி.

"அந்த மாசக் கடைசி வெச்சுக்கலாமுங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

வீசப்போகிற டிக்கெட். எந்த ஊராக இருந்தால் என்ன, எந்தத் தேதியாக இருந்தால் என்ன? "உன் இஷ்டம் புள்ள" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒன்றைக் கேட்டு நான் உடனே சரி என்றது அன்றைக்குத்தான். அவள் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், நான் பார்க்கவில்லை. பில்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு நான் பாடம்கூட நடத்தினேன். திரும்பும் டிக்கெட்டைப் பயன்படுத்த மாட்டோம் என்று எவனிடமும் சொல்லிவிடாதே. விசாக்காரன் கேட்டாலும், ஏர்போர்ட்டில் கேட்டாலும், இதே டிக்கெட்டில்தான் திரும்பி வருவேன் என்று தைரியமாகச் சொல். "சொல்றனுங்க" என்றாள். சொன்னாள். கண்ணைப் பார்த்துச் சொன்னாள். நான் சொல்லும்போதுதான் நாக்குக் குழறியது.

மூட்டை கட்டும்போதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அர்த்தநாரி சொல்கிறான். எப்படித் தெரியும்? பெட்டியில் பழைய வாயில் சேலைகளாக எடுத்து வைத்தாள், துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனவை. நல்ல சேலையைக் கப்பல் உப்புக்காற்றில் கெடுக்காமல் பழசை எடுக்கிறாளே, பொறுப்பான பொம்பளை என்று நினைத்தேன். ஒரு டப்பாவில் லேகியம் கிண்டி வைத்தாள். சுக்கு, திப்பிலி, ஓமம், நல்லெண்ணெய், கருப்பட்டி. வீடே மணத்தது. கப்பலில் வாந்தி வருமாமே, அதற்கு என்று நினைத்தேன். "நல்ல வேலை பண்ணுன புள்ள" என்றுகூடச் சொன்னேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற லேகியத்துக்கும் கப்பல் வாந்திக்குக் கொடுக்கிற லேகியத்துக்கும் ஆம்பளைக்கு என்ன வித்தியாசம் தெரியும், சொல்லுங்கள்.

ஆமாம் சார். மகளுக்குத்தான். வியன்னாவில் இருக்கிறாளாம். ஜெர்மனியிலிருந்து அங்கே வேலை மாறிப்போய் இரண்டு வருஷம் ஆகிறதாம். எனக்கு வியன்னாவின் மூன்றெழுத்து தெரியும், விலை தெரியும். இது தெரியாது.

ஏதென்ஸில் இறங்கி வெளியே வந்தோம். கப்பல் மத்தியானம். துறைமுகத்துக்கு டாக்ஸி வேண்டாம், பஸ் இருக்கிறது என்று நான் பலகையைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இவள் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்கிறாள்.

"வா புள்ள, பஸ் போயிரும்."

"ஏனுங்க. நான் இங்கிருந்து வியன்னா போகோணும். சிந்துவுக்கு மாசம் நெருங்கிருச்சு. தலைப்பிரசவமுங்க. அம்மா போகாம வேற யாரு போறது?"

எனக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "என்ன புள்ள சொல்ற? எப்ப? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொன்னனுங்க. ஆடி மாசத்துலயே சொன்னேன். சிந்து முழுகாம இருக்கறாளாம்னு சொன்னேன். நீங்க போனைப் பாத்துட்டு 'ம்'னீங்க."

சொல்லியிருப்பாள். அவள் பொய் பேசமாட்டாள். ஆடியில் ஏதோ தள்ளுபடி விட்டிருந்தான், இரண்டு நாள் மட்டும். நான் அதில் இருந்திருப்பேன்.

கையில் டிக்கெட்டை வைத்திருந்தாள். ஏதென்ஸிலிருந்து வியன்னாவுக்கு, போவதற்கு மட்டும். மகள் எப்போதோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். வாங்கிப் பார்த்தேன். அந்த விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நம்ம ஊரிலிருந்து சென்னைக்கு சொகுசு பஸ்ஸில் போகிற காசு. இத்தனை மாதம் தேடினேனே, அப்படி ஒரு விலை என் கண்ணில் ஒரு நாள் பட்டதா?

"கப்பல் போயிரும் புள்ள" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். "ரெண்டு பேருக்கும் கட்டியாச்சு. திருப்பித் தரமாட்டான்."

"தெரியுமுங்க. நீங்களும் எங்கூட வாங்க" என்றாள்.

அங்கேயே கவுண்டர் இருந்தது. போய்க் கேட்டேன். அன்றைக்குப் போவதற்கு, ஒரு ஆளுக்கு, போவதற்கு மட்டும். அவன் ஒரு விலை சொன்னான் பாருங்கள். அவள் டிக்கெட்டைப் போலப் பத்து மடங்கு. திரும்பி வந்து, "அந்த வெலைக்கா?" என்றேன்.

அதைத்தான் சொன்னேன். வேறொன்றும் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். கப்பலில் இரண்டு பேர் பணமும் போவதா, ஒருத்தர் பணமாவது மிஞ்சுவதா? பர்ச்சேஸில் இருந்தவன் எப்படி யோசிப்பான்? அவள் என் தோள்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அப்புறம், "மாத்திரைப் பொட்டி உங்க பையில வெச்சிருக்கறனுங்க, காலையில வெறும் வயித்துல நீலம்" என்றாள். "திரும்பி வர்றதுக்குத்தான் டிக்கெட் இருக்குதுங்களே" என்றாள். பெட்டியை உருட்டிக்கொண்டு போனாள். இங்கிலீஷ் தெரியாதவள், ஒருத்தரிடமும் வழி கேட்கவில்லை. பலகையைப் பார்த்துப் பார்த்து நேராகப் போனாள்.

நான் கப்பலில் வந்தேன். கப்பலுக்கு என்ன, நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டு வைப்பான். முதல் நாள் அந்தப் பையன் "மேடம்?" என்றான். தூங்குகிறாள் என்றேன். அடுத்த நாளும் கேட்டான். தூங்குகிறாள் என்றேன். கொச்சி வரும்வரை அவளைத் தூங்கவைத்தேன். மேல்தளத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள், ஜோடி ஜோடியாக. சுற்றிலும் தண்ணீர். பேச ஆள் இல்லை.

பெண் குழந்தையாம். சூயஸ் கால்வாய்க்குள் கப்பல் நுழையும்போது மெசேஜ் வந்தது. நாகமணி படம் அனுப்பியிருந்தாள், கப்பலில் இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு, படம் திறக்கவில்லை. கொச்சியில் இறங்கித்தான் பார்த்தேன். குழந்தையைப் பழைய வாயில் சேலையில் சுற்றியிருந்தார்கள். நீலப் பூப்போட்ட சேலை, எங்கள் சிந்து ஸ்கூல் போகும் காலத்தில் நாகமணி கட்டிக்கொண்டிருந்தது.

அதோ ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பாருங்கள், பாருங்கள். அந்தப் பச்சைச் சேலை? இல்லை, அது வேறு யாரோ. நாகமணி இன்னும் கொஞ்சம் குட்டை. எப்போதும் எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டுத்தான் வருவாள். பஸ்ஸிலும் அப்படித்தான்.

உங்கள் மகளா? வாம்மா, வா. நல்லா இருக்கிறாயா? உன் அப்பா உனக்காக எவ்வளவு நேரமாக நிற்கிறார் தெரியுமா? ஏம்மா, உள்ளே பெட்டி வருகிற இடத்தில் ஒரு அம்மாவைப் பார்த்தாயா? அறுபது வயது இருக்கும். மூக்குத்தி இரண்டு பக்கமும். பெட்டி தூக்க முடியாமல் நின்றுகொண்டிருக்கலாம். இல்லையா? எல்லாரும் வந்துவிட்டார்களா? நன்றாகப் பார்த்தாயா?

பைலட்டும் பணிப்பெண்களும் வருகிறார்கள். அவர்கள் வந்தால் அவ்வளவுதான், பின்னால் யாரும் வரமாட்டார்கள்.

ஒரு நிமிஷம் சார், போய்விடாதீர்கள். நாகமணி நம்பருக்குப் போட்டுப் பார்க்கிறேன். பெட்டிக்காக நின்றால் எடுப்பாள். மணி அடிக்கிறது.

அலோ, நாகு? எங்க இருக்க? ... யாரு? ...

ம். ... நான்தான். ... கொச்சியில. ஏர்போர்ட்டுல. ... ம். ... டிக்கெட் மாத்தறதுக்கு எவ்வளவு புடிச்சாங்க? ... அவ்வளவா? அநியாயமா இருக்குதே. ...

சார், கையால் போனை மூடிக்கொண்டிருக்கிறேன், மெதுவாகப் பேசுங்கள். என் மகள். அப்பா என்றாள். நாலு வருஷத்துக்கப்புறம் எடுத்ததும் நான் டிக்கெட் காசைத்தான் கேட்டேன், உங்கள் காதிலும் விழுந்தது. அவள் சிரித்துவிட்டாள். சிரிக்க அதில் என்ன இருக்கிறது? அவங்க அம்மா குழந்தைக்குத் தண்ணி வார்த்துக்கொண்டிருக்கிறாளாம். பின்னால் அவள் குரல் கேட்டது, தண்ணீர்ச் சத்தத்தோடு. "ஏர்போர்ட்டுக்கு எதுக்குப் போனாரு? நான்தான் வரலீன்னு சொன்னனே."

சொன்னாள்தான் சார். போன வாரமே சொன்னாள். தேதியை மாத்தியாச்சுங்க, விசா இருக்கிற வரைக்கும் இருந்துட்டு வர்றேன் என்று தெளிவாகத்தான் சொன்னாள். 'ம்' என்றேன். ஆனால் பழைய டிக்கெட்டில் இன்றைக்குத்தானே போட்டிருக்கிறது. வந்து நின்று பார்த்தால் என்ன என்று காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

வைக்கவில்லை சார் சிந்து. லைனில்தான் இருக்கிறாள். மூச்சுச் சத்தம் கேட்கிறது, குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. நீங்கள் உங்கள் மகளிடம் போனில் என்ன பேசுவீர்கள்? டிக்கெட் இல்லாமல் வேறு ஏதாவது. சொல்லுங்கள் சார், சீக்கிரம், வைத்துவிடப் போகிறாள்.